சோலார் வாட்டர் ஹீட்டர்: அளவு பார்ப்பது முதல் பழுது கண்டுபிடிப்பது வரை

சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்திருப்பவர்களிடம் பேசினால் இரண்டு விதமான பதில் வரும். "வெந்நீருக்கு மின்சாரச் செலவே இல்லை" என்பார் ஒருவர். "தண்டச் செலவு. மதியம் கொதிக்கிறது, காலையில் குளிக்கப் போனால் வெதுவெதுப்புதான்" என்பார் இன்னொருவர். இருவர் வீட்டு மாடியிலும் நிற்பது ஏறக்குறைய ஒரே மாதிரி சாதனமாகத்தான் இருக்கும். தொட்டியின் அளவு, குழாய் போகிற வழி, தண்ணீர் எடுக்கிற நேரம் இவற்றில்தான் வித்தியாசம். வெயிலில் தண்ணீரைச் சூடாக்குவது சுலபம். அந்தச் சூட்டை மறுநாள் காலை குளியலறைக் குழாய் வரை கொண்டுவந்து சேர்ப்பதில்தான் வேலை இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பேனலைவிடத் தொட்டிக்கும் குழாய்க்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இது எப்படி வேலை செய்கிறது

கண்ணாடி போட்ட பெட்டிக்குள் வெயிலைப் பிடிக்கலாம் என்பது பழைய விஷயம். 1767-இல் ஜெனீவாவைச் சேர்ந்த ஒராஸ் பெனடிக்ட் டி சோசூர் அப்படி ஒரு பெட்டி செய்து, தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டிய சூட்டை அதற்குள் அளந்தார். 1891-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து கிளாரன்ஸ் கெம்ப், கறுப்பு வண்ணம் பூசிய தண்ணீர்த் தொட்டிகளை அத்தகைய பெட்டிக்குள் வைத்துக் காப்புரிமை வாங்கி விற்றார். பகலில் நன்றாகவே சூடானது. பொழுது சாய்ந்ததும், சூடு உள்ளே வந்த அதே கண்ணாடி வழியாக வெளியேறிவிடும். விடியும்போது பச்சைத் தண்ணீர்தான் மிஞ்சும்.

1909-இல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பவர் இதற்கு வழி கண்டார். வெயிலைப் பிடிக்கும் பகுதியைத் தனியாகவும், தண்ணீரைச் சேமிக்கும் தொட்டியைத் தனியாகவும் பிரித்தார். தொட்டியைச் சுற்றி வெப்பம் கசியாத உறை போட்டார். 'டே அண்ட் நைட்' என்ற பெயரிலேயே விற்றார். இன்று நாம் வாங்குவதும் அடிப்படையில் அதே அமைப்புதான்.

வெயிலைப் பிடிக்கும் பகுதியைக் கலெக்டர் என்கிறோம். அதில் இரண்டு பெரிய வகைகள். ஒன்று தட்டையான பேனல்: கண்ணாடிக்குக் கீழே கறுப்புப் பூச்சு பூசிய செம்பு அல்லது அலுமினியத் தகடு, தகட்டோடு ஒட்டிய செம்புக் குழாய்கள், அடியில் கனிமக் கம்பளி போன்ற வெப்பக் காப்பு. வழக்கமான பேனல் ஒன்று சுமார் 2 சதுர மீட்டர் இருக்கும். மற்றொன்று கண்ணாடிக் குழாய் வகை. ஒவ்வொரு குழாயும் உண்மையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்கள். இடையில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து வெற்றிடமாக்கியிருப்பார்கள். தெர்மாஸ் பிளாஸ்க்கில் இருக்கும் அதே ஏற்பாடு. உள் குழாயின் மேற்பரப்பில்தான் கறுப்புப் பூச்சு இருக்கும். வெயில் வெற்றிடத்தைத் தாண்டி உள்ளே வரும், ஆனால் சூடு அந்த வழியாகத் திரும்பிப் போவது கடினம். உச்சி வெயிலில் உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் வெளிக் கண்ணாடியைக் கையால் தொட முடிவது இதனால்தான்.

சூடான தண்ணீர் தொட்டிக்கு எப்படிப் போகிறது? வீட்டு அமைப்புகள் பலவற்றில் பம்ப் கிடையாது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 998 கிராம், 60 டிகிரியில் 983 கிராம். இந்தச் சிறு எடை வித்தியாசமே போதும். கலெக்டரில் சூடான தண்ணீர் மேலே ஏறித் தொட்டிக்குள் போகும், தொட்டியின் அடியில் இருக்கும் குளிர்ந்த நீர் அந்த இடத்துக்கு இறங்கி வரும். வெயில் இருக்கும்வரை இந்தச் சுழற்சி தானாக நடக்கும். சுவிட்ச், மோட்டார் எதுவும் தேவையில்லை. ஒரே நிபந்தனை, தொட்டி கலெக்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். தொட்டியைக் கீழேதான் வைத்தாக வேண்டும் என்றால் பம்ப்பும், இரண்டு இடத்து வெப்பத்தையும் ஒப்பிட்டு அதை ஓட்டி நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கருவியும் தேவைப்படும்.

படி 1: எவ்வளவு வெந்நீர் வேண்டும்?

எத்தனை பேர் என்று மட்டும் கேட்டு அளவு சொல்லிவிடுவது கடைக்காரர்களின் பழக்கம். அதைவிட முக்கியமான கேள்வி, எப்படிக் குளிக்கிறீர்கள் என்பது.

நான்கு பேர் வாளியில் குளிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 40 டிகிரியில் 30 லிட்டர் என்றால் 120 லிட்டர். பாத்திரம், கை கழுவ இன்னொரு 30 சேர்த்தால் 150 லிட்டர். தொட்டியில் 60 டிகிரி, குளிர்ந்த நீர் 20 டிகிரி என்றால் பாதிக்குப் பாதி கலந்தால் 40 டிகிரி வரும். அதாவது தொட்டியிலிருந்து 75 லிட்டர்தான் எடுக்கிறீர்கள். 100 லிட்டர் தொட்டி தாராளமாகப் போதும்.

அதே நான்கு பேர் ஷவரில் நின்றால் கதை மாறிவிடும். நிமிடத்துக்கு 9 லிட்டர், ஆளுக்கு 8 நிமிடம் என்றால் ஒருவருக்கே 72 லிட்டர், நான்கு பேருக்கு 288 லிட்டர். அதில் பாதி, 144 லிட்டர் தொட்டியிலிருந்து வர வேண்டும். இங்கே 200 லிட்டர் தொட்டிதான் சரி. ஆட்கள் அதே நான்கு பேர், தொட்டி இரண்டு மடங்கு. குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீரே 10 டிகிரிக்கு இறங்கும் ஊர் என்றால் கலவையில் வெந்நீரின் பங்கு பாதியிலிருந்து 60 சதவீதமாக ஏறும். கணக்கைக் குளிர்காலத்துக்குப் போடுங்கள். கோடையில் மிஞ்சினால் மிஞ்சட்டும்.

அடுத்தது, அந்தத் தண்ணீரைச் சூடாக்கக் கலெக்டர் போதுமா என்பது. 100 லிட்டர் தண்ணீரை 20-லிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 4.65 கிலோவாட் மணி ஆற்றல் வேண்டும். நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 5 கிலோவாட் மணி விழும். அதில் பாதி தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தால் 2 சதுர மீட்டர் பேனல் 5 கிலோவாட் மணி தரும். சரியாகப் பொருந்துகிறது. மேகமூட்டமான நாளில் விழுவது 2 கிலோவாட் மணிக்கு இறங்கினால் அதே பேனல் 100 லிட்டரை 17 டிகிரிதான் ஏற்றும். மழை நாளில் ஹீட்டர் 'வேலை செய்யவில்லை' என்று சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள். அது வேலை செய்திருக்கும், ஆனால் அன்று கிடைத்தது அவ்வளவுதான்.

கண்ணாடிக் குழாய் வகையில் 58 மில்லிமீட்டர் விட்டமும் 1800 மில்லிமீட்டர் நீளமும் உள்ள குழாய் பரவலாகக் கிடைக்கிறது. 100 லிட்டருக்கு அத்தகைய குழாய் 10 என்பது நடைமுறை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொட்டி பெரிதாகவும் குழாய்கள் குறைவாகவும் கொடுத்தால் விலை கவர்ச்சியாகத் தெரியும், தண்ணீர் சூடாகாது. விலைப்பட்டியல் வாங்கும்போது லிட்டரை மட்டும் பார்க்காமல் குழாய் எத்தனை, விட்டம் என்ன, நீளம் என்ன என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

படி 2: இடமும் நிழலும்

கலெக்டர் பூமத்திய ரேகையைப் பார்த்து நிற்க வேண்டும். வட அரைக்கோளத்தில் தெற்கு, தென் அரைக்கோளத்தில் வடக்கு. சாய்வுக் கோணம் உங்கள் ஊரின் அட்சரேகை அளவுக்கு இருந்தால் ஆண்டு முழுவதற்கும் பொது. குளிர்காலத்தில்தான் வெந்நீர் அதிகம் வேண்டும் என்றால் 10 முதல் 15 டிகிரி கூட்டி நிமிர்த்தலாம். திசை சில டிகிரி விலகினால் பெரிய நஷ்டம் இல்லை. நிழல் விழுந்தால் நஷ்டம்தான்.

நிழலை வெயில் காலத்தில் போய்ப் பார்த்துவிட்டு இடம் முடிவு செய்யாதீர்கள். குளிர்காலச் சூரியன் தாழ்வாகப் போகும், நிழல் நீளமாக விழும். அட்சரேகை 20 டிகிரி உள்ள வடக்கு ஊர் ஒன்றில், டிசம்பர் 21 அன்று நண்பகல் சூரியன் 46 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். சூரிய நேரப்படி காலை ஒன்பது மணிக்கு 28 டிகிரி. அந்த நேரத்தில் 2 மீட்டர் உயரத் தடுப்புச் சுவரின் நிழல் கிட்டத்தட்ட 3.8 மீட்டர் நீளம் போகும். ஆக, சூரியன் வரும் பக்கத்தில் எது நின்றாலும் அது கலெக்டரைவிட எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தூரம் விடுங்கள். அட்சரேகை கூடக் கூடத் தூரமும் கூட வேண்டும். வளரும் மரத்துக்கு அது வளர்ந்த பிறகு வரப்போகும் உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

எடையும் உண்டு. 200 லிட்டர் தொட்டியும் அதன் குழாய்களும் தண்ணீரோடு 300 கிலோவைத் தாண்டிவிடும். ஓடு, தகரம் வேய்ந்த கூரை என்றால் கீழே இருக்கும் சட்டம் தாங்குமா என்று தெரிந்தவரிடம் கேட்டுவிட்டே ஏற்றுங்கள். தாங்கியின் கால்களைத் தளத்தோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். சும்மா நிற்க வைத்தால் பெருங்காற்றில் கண்ணாடியோடு சாய்ந்துவிடும்.

படி 3: தண்ணீரைச் சோதியுங்கள்

கலெக்டர் வகையைத் தேர்வதற்கு முன் செய்ய வேண்டியது இது. பலர் பிறகுதான் செய்கிறார்கள். கடினத்தன்மை லிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினால் அது மிகக் கடினமான நீர். தண்ணீர் சூடேறும்போது கால்சியம் கார்பனேட் பிரிந்து வெள்ளைக் காரையாகப் படியும். 60 டிகிரிக்கு மேல் இது இன்னும் வேகமாக நடக்கும். தட்டைப் பேனலின் மெல்லிய செம்புக் குழாய்கள் சில ஆண்டுகளில் அடைத்துக்கொள்வது இதனால்தான். குளோரைடு அதிகமுள்ள உப்புத் தண்ணீர் வேறு விதத்தில் கெடுக்கும். எவர்சில்வர் தொட்டியின் வெல்டிங் ஓரங்களைப் புள்ளி புள்ளியாக அரித்து ஓட்டை போட்டுவிடும். டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். கடினத்தன்மையும் குளோரைடும் தெரிய ஆய்வகப் பரிசோதனை வேண்டும்.

படி 4: எந்தக் கலெக்டர்?

கடினமான நீர், அழுத்தமில்லாத சாதாரண மேல்நிலைத் தொட்டி, உறைபனி இல்லாத ஊர் என்றால், தண்ணீர் நேரடியாகக் கண்ணாடிக் குழாய்க்குள் இறங்கும் வகையே என் தேர்வு. குழாய் அகலம் என்பதால் காரை அடியில் தங்கும், அடைக்காது. குளிர் காற்று அடித்தாலும் சூடு கசியாது. அதன் பலவீனம் அழுத்தம். குழாய் தொட்டியோடு சேரும் இடத்தில் இருப்பது ஒரு ரப்பர் வளையம் மட்டுமே. பிரஷர் பம்ப் வைத்த வீட்டில் இதை நேரடியாக இணைக்கவே கூடாது.

நீர் மென்மையாக இருந்து, அழுத்தத்தோடு ஷவர் வேண்டும் என்றால் தட்டைப் பேனல் உறுதியானது, கண்ணாடி உடைவதும் அரிது. இரண்டுக்கும் நடுவில் ஹீட் பைப் வகை இருக்கிறது. வெற்றிடக் குழாய்க்குள் மூடிய செம்புக் குழல் ஒன்று நிற்கும், அதில் சிறிதளவு திரவம் இருக்கும். குறைந்த அழுத்தத்தில் அடைத்திருப்பதால் அது குறைந்த சூட்டிலேயே ஆவியாகி மேலே ஏறி, நுனியில் இருக்கும் குமிழில் சூட்டை விட்டுவிட்டுத் திரும்ப வடியும். வீட்டுத் தண்ணீர் கண்ணாடிக்குள் போவதே இல்லை என்பதால் ஒரு குழாய் உடைந்தாலும் தொட்டி காலியாகாது. விலை கூடுதல்.

உறைபனி விழும் ஊருக்குத் தனி ஏற்பாடு வேண்டும். கலெக்டரில் புரோபிலீன் கிளைக்கால் கலந்த திரவம் மூடிய சுற்றில் ஓடும், அது தொட்டிக்குள் இருக்கும் சுருள் வழியாகத் தண்ணீரைச் சூடாக்கும். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நச்சு. சுருளில் ஒரு சிறு ஓட்டை விழுந்தால் குளிக்கிற தண்ணீரில் கலந்துவிடும் என்பதால் அதை இங்கே பயன்படுத்தக் கூடாது.

படி 5: தொட்டி, குளிர்நீர் வழி, வென்ட் பைப்

தொட்டியில் பார்க்க வேண்டியது வெளித் தகட்டின் பளபளப்பு இல்லை, நடுவில் இருக்கும் நுரை. 50 மில்லிமீட்டர் பாலியூரித்தேன் நுரை இடைவெளி இல்லாமல் நிரம்பியிருந்தால் இரவில் சூடு சில டிகிரிதான் இறங்கும். தட்டைப் பேனல் என்றால் தொட்டியின் அடிப்பகுதி பேனலின் மேல் விளிம்பைவிடக் குறைந்தது 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் இரவில் சுழற்சி தலைகீழாகி, தொட்டியின் சூடு பேனல் வழியாக வானத்துக்குப் போய்விடும்.

குளிர்ந்த நீர் தொட்டியின் அடியில் நுழைய வேண்டும், வெந்நீர் உச்சியில் வெளியேற வேண்டும். வீட்டின் மேல்நிலைத் தொட்டியின் அடிமட்டம் சோலார் தொட்டியின் உச்சியைவிட மேலே இருந்தால்தான் தண்ணீர் தடையில்லாமல் இறங்கும். அதற்காக எவ்வளவு உயரமும் வைக்கலாம் என்று இல்லை. அழுத்தமில்லாத தொட்டிக்குத் தயாரிப்பாளர் ஒரு உயர வரம்பு கொடுத்திருப்பார், அதைத் தாண்டினால் தொட்டி உப்பும். உயரம் மிஞ்சுகிற இடத்தில் மிதவை வால்வு வைத்த சின்னத் தொட்டி ஒன்றை நடுவில் வைப்பது வழக்கம்.

குளிர்நீர்க் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். சூடான தண்ணீர் பின்னோக்கி மேல்நிலைத் தொட்டிக்கு ஏறாமல் அது தடுக்கும். ஸ்பிரிங் வைத்த வால்வு குறைந்த அழுத்தத்தில் சரியாகத் திறக்காது. மடல் ஊசலாடும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

வென்ட் பைப் விஷயத்தில் எந்தச் சமாதானமும் வேண்டாம். 100 லிட்டர் தண்ணீர் 20-லிருந்து 60 டிகிரிக்கு ஏறும்போது ஒன்றரை லிட்டர் விரியும். கொதித்தால் ஆவியும் வரும். இதெல்லாம் வெளியேற இருக்கும் ஒரே வழி அந்தக் குழாய். அதன் வாய், மேல்நிலைத் தொட்டியின் அதிகபட்ச நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். திறந்தபடி இருக்க வேண்டும், நுனி கீழ்நோக்கி வளைந்திருக்கலாம். சொட்டுகிறது என்று அதற்கு மூடி போடுவதும் வால்வு வைப்பதும் தொட்டியையே வெடிக்க வைக்கலாம். தண்ணீர் மொத்தமாக வெளியேறும்போது காற்று உள்ளே வருவதும் இதே வழியில்தான். அடைத்திருந்தால் தொட்டி உள்வாங்கி நசுங்கும். அழுத்தத் தொட்டியில் வென்ட்டுக்குப் பதில் வெப்பமும் அழுத்தமும் மிஞ்சினால் திறக்கும் பாதுகாப்பு வால்வும், விரிவைத் தாங்கும் கலனும் கட்டாயம்.

படி 6: வெந்நீர்க் குழாய்

அதிகம் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். நல்ல பேனலும் நல்ல தொட்டியும் வாங்கிவிட்டு, "ஃபுளோ நன்றாக வரட்டும்" என்று தடிமனான குழாயை வீட்டைச் சுற்றிக் கொண்டுபோவார்கள்.

கணக்கைப் பாருங்கள். தொட்டியிலிருந்து குளியலறைக்கு 20 மீட்டர் குழாய். உள்விட்டம் 15 மில்லிமீட்டர் என்றால் குழாய்க்குள் நிற்பது 3.5 லிட்டர். 20 மில்லிமீட்டர் என்றால் 6.3 லிட்டர். 25 என்றால் 9.8 லிட்டர். இரவெல்லாம் ஆறிப்போன இந்தத் தண்ணீர் முழுவதும் வெளியே வந்த பிறகுதான் சூடான தண்ணீர் குழாய் வாயைத் தொடும். அதோடு முடியவில்லை. நீங்கள் குளித்து முடித்துக் குழாயை மூடும்போது அதே அளவு வெந்நீர் குழாய்க்குள் சிக்கி ஆறிப்போகிறது. ஒரு நாளில் இடைவெளி விட்டு விட்டு ஐந்து முறை திறந்தால் 25 மில்லிமீட்டர் குழாயில் வீணாவது கிட்டத்தட்ட 50 லிட்டர் வெந்நீர். 100 லிட்டர் தொட்டியில் பாதி போய்விட்டது.

ஆகவே தொட்டியைக் குளியலறைக்கு நேர்மேலே, முடிந்தவரை பக்கத்தில் வையுங்கள். வெந்நீருக்குத் தனிக் குழாய் விடுங்கள். அழுத்தம் அனுமதிக்கும் அளவுக்கு மெல்லியதாக இருக்கட்டும். புவியீர்ப்பில் மட்டும் இறங்கும் வீட்டில் ரொம்பவும் சுருக்கினால் ஷவர் சொட்டும் என்பதால் கிளைகளை மட்டும் சுருக்குவது நல்லது. வழி எங்கும் சீராக இறங்கட்டும். நடுவில் மேடாக ஏறி இறங்கினால் அந்த மேட்டில் காற்று சிக்கித் தண்ணீரே வராது.

குழாயின் பொருளும் முக்கியம். சாதாரண பிவிசி 60 டிகிரிக்கு மேல் இளகிவிடும், இந்த வேலைக்கு ஆகாது. சிபிவிசி அழுத்தத்தோடு 82 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்படுவது. கண்ணாடிக் குழாய்த் தொட்டியில் கோடையில் அதைவிடச் சூடாகத் தண்ணீர் வரக்கூடும் என்பதால் தொட்டியிலிருந்து வெளிவரும் முதல் சில மீட்டரைச் செம்பிலோ எவர்சில்வரிலோ போடுவது பாதுகாப்பு. வெயிலில் கிடக்கும் நீளம் முழுக்க ரப்பர் நுரை உறை சுற்றுங்கள், வளைவுகளையும் வால்வுகளையும் விட்டுவிடாமல். அந்த உறை வெயில் பட்டுப் பொடிந்துபோகும். மேலே அலுமினியத் தாள் அல்லது புற ஊதாக் கதிரைத் தாங்கும் டேப் சுற்றினால்தான் நிற்கும்.

சுவருக்குள் போகும் குழாய்க்கும் உறை வேண்டும். கொத்தனார் "உள்ளே போறதுக்கு எதுக்கு?" என்பார். போடச் சொல்லுங்கள். செங்கலும் சிமெண்டும் சூட்டை நன்றாகவே உறிஞ்சும்.

ஒரு பாதுகாப்பு விஷயம். 60 டிகிரி தண்ணீர் பெரியவர்கள் தோலையே சில விநாடிகளில் ஆழமாகச் சுட்டுவிடும், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். குழந்தைகளோ வயதானவர்களோ இருந்தால், வெப்பத்தைத் தானே சமன் செய்யும் கலவை வால்வைக் குளியலறைக்கு முன்னால் பொருத்தி 45 டிகிரி அளவில் வைத்துவிடுங்கள்.

படி 7: முதல் முறை தண்ணீர் நிரப்புதல்

வெயிலில் காலியாகக் கிடக்கும் கண்ணாடிக் குழாயின் உட்புறம் 200 டிகிரியைத் தாண்டும். அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் படீர் என்று விரிசல் விடும். அதனால் குழாய் செருகுவதையும் நிரப்புவதையும் விடியற்காலையிலோ பொழுது சாய்ந்து ஆறிய பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். பகலில்தான் ஆள் வருவார் என்றால் குழாய்களைத் துணியால் மூடி வைக்கச் சொல்லுங்கள்.

செருகும்போது வாயில் சோப்புத் தண்ணீர் தடவி, மெதுவாகத் திருகியபடியே உள்ளே தள்ள வேண்டும். காய்ந்த ரப்பரில் தள்ளினால் வளையம் மடங்கும், பிறகு அங்கிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். எல்லாம் செருகியதும் வீட்டுக்குள் வெந்நீர்க் குழாய் ஒன்றைத் திறந்து வைத்துவிட்டுக் குளிர்நீர் வால்வை மெல்லத் திறங்கள். காற்று சீறுவது நின்று தண்ணீர் ஒழுங்காக வந்தால் தொட்டி நிறைந்துவிட்டது.

படி 8: மாற்று ஹீட்டரும் தினசரிப் பழக்கமும்

தொட்டிக்குள் சூடான தண்ணீர் மேலேயும் குளிர்ந்தது கீழேயும் அடுக்காக நிற்கும். அந்த அடுக்கைக் கலைக்காமல் வைத்திருப்பதே வெந்நீரைக் காப்பாற்றுவது. மழை நாளுக்கென மின்சார எலிமெண்ட் வைத்தால் அதைத் தொட்டியின் மேல்பாதியில் வைக்க வேண்டும். அடியில் வைத்தால் முழுத் தொட்டியையும் சூடாக்கிய பிறகுதான் உங்களுக்குத் தண்ணீர் கிடைக்கும்.

போடும் நேரத்தில்தான் மின்சாரம் மிச்சமாகிறது. 2 கிலோவாட் எலிமெண்ட் 100 லிட்டரை 20 டிகிரி உயர்த்த ஒன்றே கால் மணி நேரம் போதும். ஆகவே குளிப்பதற்குச் சற்று முன் போடுங்கள். முந்தின மாலையே போட்டால் ஆறுகிற சூட்டுக்கும் சேர்த்துக் காசு கட்டுவீர்கள். குளித்து முடித்த பிறகும் ஓடவிட்டால் வெயில் செய்ய வேண்டிய வேலையை மின்சாரம் செய்துவிடும். தானியங்கி தெர்மோஸ்டாட்டை நம்பி நாள் முழுக்க விடுவது, சோலார் வைத்தும் மின் கட்டணம் குறையாத வீடுகளில் அடிக்கடி பார்க்கும் விஷயம். சின்ன டைமர் ஒன்று போதும்.

துணி துவைப்பது போன்ற வேலைகளை நண்பகலுக்கு மாற்றினால் லாபம். எடுத்த தண்ணீருக்குப் பதிலாக வந்த குளிர்நீர் மாலைக்குள் மீண்டும் சூடாகிவிடும். இரவு ஒன்பது மணிக்கு நிறைய எடுத்தால் அடியில் நுழைந்த குளிர்நீர் காலை வரை அப்படியே கிடக்கும்.

நீண்ட நாள் 45 டிகிரிக்குக் கீழேயே தேங்கிய தண்ணீரில் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். அந்த நீரின் திவலைகளை மூச்சில் இழுத்தால் நிமோனியா வரக்கூடும். மேகமூட்டமான வாரங்களில் இடையிடையே எலிமெண்ட்டைப் போட்டுத் தொட்டி முழுவதையும் 60 டிகிரிக்கு மேல் கொண்டுபோவது நல்லது. எலிமெண்ட் மேல்பாதியில் மட்டும் இருந்தால் அடித் தண்ணீர் சூடாகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 9: வெந்நீர் வரவில்லை என்றால்

ஒரு சாதாரண தெர்மாமீட்டர் போதும். வெயில் அடித்த நாளில் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுக்காமல், மாலை ஐந்து மணிக்குத் தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் ஒரு அளவு, மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே இடத்தில் ஒரு அளவு.

மாலையிலேயே சூடில்லை என்றால் வெயில் பிடிப்பதில் கோளாறு: தூசி, புதிதாக வந்த நிழல், காரை அடைப்பு, வெற்றிடம் போன குழாய். கண்ணாடிக் குழாயின் அடி நுனி வெள்ளிப் பூச்சோடு பளபளக்க வேண்டும். அது பேரியம் பூச்சு. காற்று உள்ளே புகுந்தால் பால்போல வெளுத்துவிடும். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் செத்த குழாய் தானே தெரியும்.

மாலையில் சூடு இருந்து காலையில் தொட்டிப் பக்கத்திலேயே இல்லை என்றால் இரவில் கசிகிறது: தலைகீழ்ச் சுழற்சி, நுரை நனைந்த தொட்டி, எங்கோ சொட்டும் வெந்நீர்க் குழாய். காலையிலும் தொட்டிப் பக்கம் சூடாக இருக்கிறது, குளியலறையில் மட்டும் இல்லை என்றால் படி 6-க்குத் திரும்புங்கள், அல்லது வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து விடும் குளியலறைக் குழாயை, அதாவது மிக்ஸரைச் சந்தேகியுங்கள்.

இந்த மிக்ஸர் கோளாறு ஆளைச் சுற்றவிடும். மிக்ஸரின் இரண்டு பக்கமும் திறந்தபடி இருக்க, ஹேண்ட் ஷவரின் நுனியில் மட்டும் அடைத்து வைத்திருப்பார்கள். அழுத்தம் கூடிய குளிர்நீர், மிக்ஸருக்குள்ளேயே வெந்நீர்க் குழாய்க்குள் ஏறிக்கொள்ளும். வீட்டில் வேறு யார் வெந்நீரைத் திறந்தாலும் வெதுவெதுப்பாகத்தான் வரும். கண்டுபிடிக்க, சோலார் தொட்டிக்குப் போகும் குளிர்நீர் வால்வை மூடிவிட்டு ஒரு வெந்நீர்க் குழாயைத் திறங்கள். கொஞ்சம் தண்ணீர் வந்து நின்றுபோக வேண்டும். நிற்காமல் குளிராக வந்துகொண்டே இருந்தால் எங்கோ ஒரு மிக்ஸர் கலந்துவிடுகிறது. ஒவ்வொரு மிக்ஸராக முழுவதும் மூடிப் பார்த்தால் எது என்று பிடிபடும். மிக்ஸருக்கு முன்னால் இரண்டு வழியிலும் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் தீர்ந்தது.

படி 10: பராமரிப்பு

கண்ணாடியை விடியற்காலையில் கழுவுங்கள், வெயில் ஏறிய பிறகு வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை அடி வால்வைத் திறந்து, கலங்கல் போய்த் தெளியும்வரை தொட்டியைக் கழுவி விடுங்கள். மக்னீசியம் ஆனோடு இருக்கும் தொட்டி என்றால் அந்தக் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். தொட்டியை அரிக்க வேண்டியது தன்னை அரிக்கட்டும் என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள். மெலிந்திருந்தால் மாற்ற வேண்டும். காரை எடுக்கச் சிட்ரிக் அமிலமோ சல்ஃபாமிக் அமிலமோ போதும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொண்டுவரும் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். காரையோடு எவர்சில்வரையும் அது தின்றுவிடும்.

பல நாள் வெளியூர் போவதாக இருந்தால் கலெக்டரை வெயில் புகாத துணியால் மூடிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் தினமும் கொதித்து வென்ட் வழியாக ஆவியாகிக்கொண்டிருக்கும், காரையும் கூடும். குளிர்நீர் வால்வை மட்டும் மூடிவிட்டுப் போகாதீர்கள். தொட்டி வற்றினால் திரும்பி வந்து திறக்கும் நேரத்தில் கண்ணாடி தெறிக்கும்.

நேரடியாகத் தண்ணீர் நிற்கும் கண்ணாடிக் குழாய் ஒன்று உடைந்தால் அந்த ஓட்டை வழியாகத் தொட்டி முழுவதும் கொட்டிவிடும். உடனே குளிர்நீர் வால்வை மூடுங்கள், மின்சார எலிமெண்ட்டை அணையுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் அது எரிந்துவிடும். கொட்டுவது 80 டிகிரி தண்ணீராக இருக்கலாம் என்பதால் கீழே நின்று எட்டிப் பார்க்க வேண்டாம். மற்றக் குழாய்களைத் துணியால் மூடி, பொழுது சாய்ந்து ஆறிய பிறகு கையுறை போட்டுக்கொண்டு உடைந்த துண்டுகளை எடுங்கள், ரப்பர் வளையத்தையும் புதிதாக மாற்றுங்கள். அதே அளவுக் குழாய் கைவசம் இல்லை என்றால் அந்த ஓட்டைக்கு ரப்பர் அடைப்பான் வைத்து, மீதிக் குழாய்களோடு ஓட்டலாம். பத்தில் ஒன்று குறைந்தால் மாலைச் சூடு நான்கைந்து டிகிரிதான் இறங்கும்.